ம்ம் வரும் இடம்

நவம்பர் 12, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். காற்று மணலிப் பக்கமிருந்து. ஜன்னலைச் சாத்தியும் வாடை. துணி எதுவும் காயவில்லை.

செய்ய வேண்டியவை:
அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை.
இந்த வார எபிசோட் திருத்தம்.
ஃபிளெக்ஸ் கடைக்குத் தம்பியின் படம். (சிரிக்கிறதா, பாஸ்போர்ட் சைஸா?)

பாபுவுக்கு 23ஆம் தேதி முதல் வருஷத் திதி. ஞாயிறு. தெருவில் பந்தல் போட வேண்டும் என்கிறார் அப்பா. அப்பா அதிகம் பேசுவதில்லை. பந்தலைப் பற்றி மட்டும் மூன்று முறை பேசிவிட்டார்.

எபிசோட்: தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தவர்கள் எப்படி ஹிட் கொடுத்தார்கள் என்பது. மெட்டு அப்படியே. கைத்தட்டல் அப்படியே. கர்த்தர் இருந்த இடத்தில் மட்டும் ‘பேபி’. சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பர் இசையில் பாதி இப்படிப் பிறந்ததுதான். மே.க்கு (மேகலா மேடம், நான் எழுதுவதை எஃப்.எம்.மில் அவர் குரலில் வாசிப்பார், வாரம் பத்து நிமிடம்) இந்த வரி பிடிக்கும். எனக்கு எழுதும்போது கை நின்றது.

டோல்கேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ. மறுபடி அந்தப் பாட்டு. பின் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். அந்த இடம் வந்ததும் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு, ம்ம், ம்ம், ம்ம்.

டிரைவர்: “ம்ம் சொன்னது போதும்மா, கொஞ்சம் நகந்து குந்துங்க. இன்னும் ஒரு ஆள் கீது.”

தேரடி வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கன்டெய்னர் லாரிகள். வரிசை. அதையும் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 13, வியாழன்

அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே. என்னைப் பார்க்காமல்.

“ஏண்டி தேவகி, அன்னிக்குப் பாடுச்சே ஒரு புள்ள. டோல்கேட் ஜெரோமு. அதையே இட்டாந்தா இன்னா?”

“அவன் இப்ப பெரிய ஆளும்மா.”

“இருக்கட்டுமே. பாட்டுக்காரங்களோடதான வேல செய்யிற? ஒரு ஃபோன் போடேன்.”

பிறகு கூடையைக் கவிழ்த்துவிட்டு, அது மேலேயே உட்கார்ந்தார்.

“எல்லார் பேரும் சொல்லிக் கூப்புட்டுச்சு அந்தப் புள்ள. பக்கத்து வூட்டுக்காரி பேரு கூட வந்துச்சு. கூடப் பொறந்தவ உன் பேரு வரல. ஒரு வருசமா உங்க அத்தக்காரி எண்ணூர்லேர்ந்து வந்து வந்து குத்திகினு போறா. அக்காக்காரி அழுவலயா, அக்காக்காரிக்குத் தம்பி வாணாமான்னு. நான் இன்னான்னு சொல்லட்டும்?”

நான் மாத்திரையைக் கொடுத்தேன்.

“இந்தத் தபாவாவது உன் பேரு வரணும்டி. அவ்ளோதான் எனக்கு.”

மதியம் மே. அழைத்தார். அடுத்த எபிசோட் நம் ஊர்ப் பாட்டு ஒன்றாக இருக்கட்டும் என்றார். எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. “அந்த ‘ம்ம்’ யாரோட பேருன்னு கண்டுபிடி. அதுதான் எபிசோட். நீ அந்தப் பக்கம்தானே?”

அந்தப் பக்கம்தான்.

நவம்பர் 15, சனி

மழை இல்லை. கடல் சத்தம் வீடு வரை. அம்மா, அப்பா திருவொற்றியூர்க் கோயிலுக்கு. தனியாக இருக்கிறேன். ஒரு முறை எழுதிவிடுகிறேன். யாருக்கும் இல்லை.

பாட்டு பிறந்த கதை.

எம்.ஏ. ஆய்வேட்டுக்குச் சாவு வீட்டுக் கானாக்களைப் பதிவு செய்யப் போனேன். அப்படித்தான் ஜெ. (ஜெரோம்) பழக்கம். நான்கு வருடம். என்னை எம்மே என்றுதான் கூப்பிடுவான். வீட்டில் தெரியாது. அவன் காசிமேடு, சர்ச், நாங்கள் வேறு. பாபுவுக்கு மட்டும் தெரியும். பாபு அவனை “மாமா” என்பான், என்னைப் பார்த்துக்கொண்டே, பல்லைக் காட்டிக்கொண்டு.

பாபு, 22. கன்டெய்னர் யார்டில் வேலை. வீட்டில் ஒரே சார்ஜர்தான் சரியாக வேலை செய்யும். அன்று காலை அவன் ஃபோனைப் பிடுங்கிவிட்டு என்னுடையதைக் குத்தியிருந்தேன். நான்கு சதவீதம்தான் இருந்தது அவனுக்கு.

“ஏக்கா, உனுக்கு அறிவுகீதா? எம்.ஏ. படிச்சா மட்டும் பத்தாது.”

ஃபோனை என்னிடமே விட்டுவிட்டு, “சார்ஜ் போட்டு வையி, சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்” என்று பைக்கை எடுத்தான். எக்ஸ்பிரஸ் ரோட்டில் லாரி. கையில் ஃபோன் இல்லாததால் அவன் யார் என்று தெரியவே பிற்பகல் ஆனது. அதுவரை அவன் பெயர் இல்லாத ஒருவன்.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அன்றிரவே ஃபோனில் ஜெ.யிடம் மட்டும்.

மறுநாள் பகல் பதினொரு மணி. உடல் தெருவில். யார்டு நண்பர்கள் பாட ஆள் கூட்டி வந்தார்கள். பார்த்தால் ஜெ. நண்பர்களுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஊரில் நன்றாகப் பாடுபவன் என்று கூட்டி வந்தார்கள். அவன் என்னைத் தெரியாதவன் போல டோலக்கை இறக்கி வைத்தான்.

இங்கே வழக்கம்: பாடகனுக்கு ஒரு சீட்டு தர வேண்டும். இறந்தவனுக்கு யார் யார் என்ன உறவு, பெயர் என்ன. சீட்டில் உள்ள ஒவ்வொரு பெயரையும் பாட்டில் வைப்பான். தன் பெயர் வரும்போது அந்த ஆள் உடைந்து அழுவார். அதற்காகத்தான் சீட்டு. பெயர் வராவிட்டால் அது பெரிய அவமானம். சண்டை கூட நடந்திருக்கிறது.

“தேவகிகிட்ட குடு, அதுதான் படிச்ச புள்ள” என்றார்கள். எழுதினேன். அம்மா வள்ளி. அப்பா துரை. அத்தை. சித்தப்பா. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா, பாபுவுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறவர். பதினான்கு பெயர்கள். அழகான கையெழுத்து. என் பெயரை எழுதவில்லை.

எழுதுகிறவர் தன்னை எண்ண மாட்டார், மறந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். மறந்தேனா? சார்ஜரைப் பிடுங்கியவள் தன் பெயரை மறந்தாளா? தெரியவில்லை. ஒரு வருடமாகத் தெரியவில்லை.

அவன் பாடினான்.

சோறு ஆறுது பாபு, வள்ளி கூப்புட்றா வாடா.
வலைய இழுக்கணும் பாபு, தொர கூப்புட்றாரு வாடா.
கஞ்சி வந்துகீது பாபு, மும்தாஜு கூப்புட்றா வாடா.

பதினான்கும் முடிந்தது. சீட்டை மடித்தான். பிறகு சீட்டில் இல்லாத ஒரு வரி.

சார்ஜரு குத்திகீது பாபு, ம்ம் ம்ம் ம்ம் கூப்புட்றா வாடா.

தே, வ, கி. மூன்று தட்டு. சீட்டில் இல்லாத பெயரைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். விட்டுவிட்டும் போகவில்லை. வாயை மூடிக்கொண்டு பாடினான். தெருவில் இருந்த அத்தனை பேரும் அவன் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து அழுதார்கள். எனக்கு மட்டும் தெரியும்.

எழுதுகிறேன், யாரும் பார்க்கப் போவதில்லை: அந்த நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாபு அங்கே கிடந்தான். எனக்குச் சந்தோஷம்.

பின்பகுதி எல்லோருக்கும் தெரிந்தது. யாரோ ஃபோனில் எடுத்த அந்தக் கடைசி வரியை ஒரு பாட்டுக் கம்பெனி கேட்டு வாங்கியிருக்கிறது. ஏப்ரலில், ஷேர் ஆட்டோவில்தான் முதலில் கேட்டேன். வேகம் இரட்டிப்பு. பின்னால் பெண் குரல்கள். பாபு இருந்த இடத்தில் பேபி.

சார்ஜு ஏறிப்போச்சு பேபி, ம்ம் ம்ம் ம்ம் கூப்புட்றேன் வாடி.

அன்று அவனிடம் கத்தினேன். “பாபு பேர எடுத்துட்டியேடா.”

“எம்மே, சாவுப் பாட்ட யாரு வாங்குவா? ‘ம்ம்’மு அப்பிடியேதான கீது? அத்த நான் யாரையும் தொட வுடல. உனுக்காவதான்.”

அது உண்மை. அதற்குப் பிறகு பேசவில்லை. ஏழு மாதம்.

நவம்பர் 16, ஞாயிறு

எண்ணெய்த் தலை. துவைத்த துணி ஈரம்.

ஜெ.க்குச் செய்தி அனுப்பினேன். ‘பேட்டி வேண்டும். நிகழ்ச்சிக்காக.’ ‘நிகழ்ச்சிக்காக’ என்பதை இரண்டு முறை அழித்து, இரண்டு முறை எழுதினேன்.

பதில் நான்கு நிமிடத்தில். ‘செவ்வா. அக்கா வூட்டு மாடி. 10 மணி.’

நான்கு நிமிடம். எண்ணியிருக்கிறேன், வெட்கம்.

நவம்பர் 18, செவ்வாய்

வெயில், புழுக்கம். காசிமேடு. அவன் புதிய கார் சந்துக்குள் நுழையாததால் மெயின் ரோட்டிலேயே நிற்கிறது, கண்ணாடியில் குழந்தைகளின் கைரேகை. மாடிப்படியில் அதே தண்ணீர்க் கேன்கள். கீழே ஐஸ் உடைக்கிற சத்தம். பதிவை இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது.

அவன் முடியை வேறு மாதிரி வெட்டியிருக்கிறான்.

“ஆவுதா எம்மே, ரெக்கார்டு?”

“ஆவுது.”

“கேளு.”

“அந்த ‘ம்ம்’ யாரு பேரு?”

சிரித்தான். எல்லாப் பேட்டியிலும் சிரிக்கிற அதே சிரிப்பு. “அது ஒரு பொண்ணு பேருங்க. சொன்னா அவங்க வூட்ல என்ன உரிச்சிடுவாங்க. அப்பால பாட கொரலு இருக்காது.”

உண்மையைத்தான் சொல்கிறான். கேட்கப் பொய் மாதிரி இருக்கிறது.

ரெக்கார்டரை அணைத்தேன். சிரிப்பும் அணைந்தது.

“எளச்சிட்ட.”

“ஞாயித்துக்கெழம பாபுவோட திதி. எங்கம்மா உன்னக் கூப்புடுது.”

அவன் கீழே ஐஸ் உடைக்கிற இடத்தை எட்டிப் பார்த்தான்.

“அந்தப் பாட்ட வெளிய பாடக்கூடாதுன்னு கம்பெனில கையெழுத்து வாங்கிகீறாங்க.”

“அது பேபிக்கு. இது பாபுக்கு.”

“வாயி மட்டும் எளைக்கல உனுக்கு.” பிறகு, “வரேன். பாபு என்ன மாமான்னு கூப்ட்ட புள்ள. வராம இருப்பேனா?”

“என் பேரு வரணும். அம்மா அது ஒண்ணுதான் கேக்குது.”

“சீட்டுல எழுதிக் குடு. சீட்டுல கீறத நான் வுட்டதே இல்ல. சீட்டுல இல்லாதத சொன்னதும் இல்ல. தொழில் சுத்தம். அன்னிக்கு நீ எழுதல, நான் இன்னா பண்ணுவேன்?”

“வுட்டுட்டுப் போயிருக்கலாம்.”

“மனசு வர்ல.”

அவன் அக்கா டீ கொண்டு வந்தார். என்னை யாரோ ஆபீஸ் பெண் என்று நினைத்து, “எங்க தம்பி கல்யாணத்தையும் சேர்த்துப் போடுங்க மேடம்” என்றார். போய்விட்டார்.

ஜெ. டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். “பொங்கல் கழிச்சு. பூந்தமல்லிப் பொண்ணு. நர்ஸு.”

“நல்லது.”

“கிறிஸ்மஸ் முடிஞ்சா கோயில்ல ஓலை படிப்பாங்க.”

மூன்று ஞாயிறு. பாதிரியார் எல்லோர் முன்னாலும் இருவர் பெயரையும் வாசிப்பார், ஆட்சேபணை உண்டா என்று கேட்டு. நான்கு வருடத்தில் நான் பலமுறை நினைத்துப் பார்த்த காட்சி. மைக்கில் அவன் பெயர், பிறகு என் பெயர். சர்ச்சில் என் பெயர் எப்படி எதிரொலிக்கும் என்று கூட.

டீ நன்றாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன். இஞ்சி.

நவம்பர் 20, வியாழன்

எபிசோட் எழுதினேன். முதலில் உண்மையை. சீட்டு, பதினான்கு பெயர், சார்ஜர். ஐந்து பக்கம். இதுவரை எழுதியதில் இதுதான் நல்லது. மே. அழுதிருப்பார்.

மற்ற எபிசோடுகளுக்காகப் படித்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். பாட்டில் உயிர் இருக்கிறது என்று ஊர் சொல்கிற இடம், பெரும்பாலும் ஏதோ இல்லாமல் போன இடம். வரி கிடைக்கவில்லை, ஆள் வரவில்லை, குரல் உடைந்தது. அந்த ஓட்டையைத்தான் எல்லோரும் கூடப் பாடுகிறார்கள்.

ஐந்து பக்கத்தையும் அழித்தேன். அம்மா ஷேர் ஆட்டோவில் போகிறவர். அந்தச் சார்ஜர் கதை அவர் காதுக்கு மைக் வழியாகப் போகக்கூடாது.

‘பெயர் சொல்ல முடியாத ஒரு பெண்’ என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நானும்தான். பாபுவை எடுத்துவிட்டு பேபி.

மே.: “சூப்பர்டா. மிஸ்ட்ரி அப்படியே இருக்கட்டும்.”

நவம்பர் 22, சனி

இரவு பெய்து விட்டது. தெருவில் கணுக்கால் தண்ணீர். பந்தல்காரர்: “மழ வந்தா நனையும், வர்லன்னா நனையாது, இதுக்கு நான் இன்னா கேரண்டி குடுக்க முடியும்?” அப்பா சிரித்தார். ஒரு வருடத்தில் முதல் முறை என்று நினைக்கிறேன்.

ஃபிளெக்ஸ் வந்தது. சிரிக்கிற படம். ‘பாபு’ என்பதற்குக் கீழே கடைக்காரரே இரண்டு புறா போட்டிருக்கிறார். பாபுவுக்குப் புறா பிடிக்காது. மாடியில் எச்சமிடும்.

அத்தை எண்ணூரிலிருந்து இறங்கிவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே: “இன்னா தேவகி, இந்த வருசமாவது தம்பிக்காவ ஒரு சொட்டு வுடுவியா?”

அம்மா சமையலறையிலிருந்து: “அவ பேரு நாளைக்கு வரும். வந்து கேளு.”

சீட்டு எழுதினேன். கோடு போட்ட தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். பதினான்கும் எழுதி, பதினைந்தாவதாக:

அக்கா தேவகி.

அம்மா விரலை வைத்து மெதுவாகக் கூட்டினார். தே. வ. கி. “கீது” என்றார். போய் அரிசி களைந்தார்.

நவம்பர் 23, ஞாயிறு

எழுதிவிட்டுத் தூங்க வேண்டும்.

மழை இல்லை. மாலை நான்கு மணிக்கே கூட்டம். திதிக்கு வந்தவர்கள் அறுபது பேர் இருக்கும். மீதி முந்நூறு பேர் அவனைப் பார்க்க. சுனாமி குடியிருப்பிலிருந்தெல்லாம். கம்பத்தில், சுவரில், மாடியில். எல்லாக் கையிலும் ஃபோன்.

அவன் வெள்ளைச் சட்டையில் வந்தான். முதலில் பாபு படத்துக்கு முன்னால் செருப்பில்லாமல் நின்றான். அம்மாவைக் கும்பிட்டான். அம்மா சீட்டைத் தன் கையாலேயே கொடுத்தார்.

“பேரு எதயும் வுட்டுடாத நைனா.”

“வுட மாட்டேம்மா.” சீட்டை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை படித்தான். கடைசி வரியில் கண் நின்றது. என்னைப் பார்த்தான். தலையை லேசாக ஆட்டினான். சீட்டை டோலக்கின் கயிற்றில் செருகிக்கொண்டான்.

மெதுவாகப் பாடினான். பழைய வேகம். பேபி இல்லை. பாபு. முதல் ‘பாபு’ வந்ததும் அப்பா பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டார். வள்ளி கூப்புட்றா வாடா. தொர கூப்புட்றாரு வாடா. அத்தை தன் பெயர் வந்ததும் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். பொய் இல்லை. அவருக்கும் பாபுவைப் பிடிக்கும். மும்தாஜ் அக்கா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பதினான்கு முடிந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கை முழுக்க மீன் செதில் கீறிய தழும்புகள். இறுக்கி.

சார்ஜரு குத்திகீது பாபு.

அவன் வாயைத் திறந்தான். தே என்று உதடு பிரிந்ததைப் பார்த்தேன், அல்லது பார்த்ததாக நினைக்கிறேன். அதற்குள் கூட்டம். முந்நூறு பேர். மாடி, சுவர், கம்பம், எல்லாம் ஒரே குரலில்.

ம்ம், ம்ம், ம்ம்.

ஏழு மாதமாக எத்தனை மேடை. அந்த இடம் வந்ததும் அவன் கை தானாக நீண்டு, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பியிருந்தது. அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு கூட வந்தது, அரை நொடி. பிறகு தன் கையைப் பார்த்தான். வேறு யாருடைய கையோ மாதிரி.

கூப்புட்றா வாடா, என்று கூட்டமே முடித்தது. விசில்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாபு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடும் மூடி, ம்ம் என்று அசைந்து முடிந்திருந்தது. அவரும்தான் தினமும் ஷேர் ஆட்டோவில் போகிறவர். என்ன செய்தோம் என்று அப்புறம்தான் தெரிந்தது அவருக்கு. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

“இன்னொரு தபா பாடு நைனா,” என்றார்.

அவன் கைகாட்டிக் கூட்டத்தை அடக்கினான். “உஷ், உஷ், இது சாவு வூடு, கொஞ்சம் கம்முனு இருங்கப்பா.” மறுபடி எடுத்தான். சார்ஜரு குத்திகீது பாபு. முன்னை விட உரக்க வந்தது அந்த ம்ம். அவன் மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு என் பெயரைச் சொல்லியிருக்கலாம். வாய் அசைந்தது. கேட்கவில்லை. யாருக்கும்.

மூன்றாம் முறை எடுக்கவில்லை.

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு, இந்த முறை குத்தலே இல்லாமல்: “இன்னாடி இது. இந்தத் தபாவும் வர்லியே.”

அவன் காருக்குப் போகும் வழியெல்லாம் செல்ஃபி. என் பக்கம் வர வழி இருக்கவில்லை. வந்தாலும்.

சீட்டு டோலக்கிலிருந்து விழுந்து ஈரத்தில் கிடந்தது. எடுத்து வந்தேன். மை கலைந்திருக்கிறது. கடைசி வரி நன்றாகத் தெரிகிறது.

நவம்பர் 24, திங்கள்

மழை. பந்தல் பிரிக்கிறார்கள்.

எபிசோட் வெளியானது. மே. நான்கு செய்தி. அந்தப் பெண் யார் என்று எல்லோரும் கேட்கிறார்களாம். ஒருவர் ஒரு நடிகை பெயரைச் சொல்கிறாராம்.

அம்மா வியாபாரத்துக்குப் போகவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று காலையில் பாபு என்ன சொல்லிவிட்டுப் போனான் என்று சொன்னேன். நான்கு சதவீதம். யார் பிடுங்கியது. எல்லாம். திரும்பவில்லை. சுவரிடமே:

“தேவகி.”

“ம்மா.”

“அவன் ஃபோன் எங்க கீது?”

அலமாரியில், சட்டைகளுக்கு அடியில். ஒரு வருடமாக யாரும் தொடவில்லை. என் ஃபோனைப் பிடுங்கிவிட்டு அவனுடையதைக் குத்தினேன். முதலில் ஒன்றுமில்லை. கறுப்பு. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பேட்டரிப் படத்தில் ஒரு சிவப்புக் கோடு.